பீட்டா கரோட்டின்: செல்லிலும் தோலிலும் அது செய்வது என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தினமும் ஒரு டம்ளர் கேரட் ஜூஸ் குடித்தால் முகம் பளபளக்கும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. கரோட்டின் மாத்திரை புற்றுநோயைக் கொண்டுவரும் என்று இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு, இரண்டுமே அரைகுறை. இந்தப் பொருளை விஞ்ஞானிகள் சோதனைக் குழாயிலிருந்து பல்லாயிரம் மனிதர்கள் வரை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் என்ன தெரிந்தது என்பதைத்தான் இங்கே கேள்வி கேள்வியாகப் பார்க்கிறோம். பக்கம் நீளம். புகைபிடிப்பவர்கள், புகையை விட்டவர்கள், அவர்களின் வீட்டுக்காரர்கள் மற்றதைப் படிக்காவிட்டாலும் மாத்திரை பற்றிய கேள்விகளை மட்டும் படித்துவிடுங்கள்.

பீட்டா கரோட்டின் கேரட்டில் மட்டும்தான் இருக்கிறதா?

இல்லை. செடிகொடிகள் தயாரிக்கிற ஆரஞ்சு நிறப்பொருள் அது. 1831-ல் வாக்கன்ரோடர் என்ற ஜெர்மானியர் அதை முதலில் கேரட்டிலிருந்து பிரித்தெடுத்ததால் கேரட்டுக்குப் பெயர் போய்விட்டது. நூறு வருஷம் கழித்து சூரிச்சில் பால் கேரர் அதன் வடிவத்தைக் கண்டுபிடித்தார். அவருக்கு 1937-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்ததற்கு அந்த வேலையும் ஒரு காரணம்.

நம் கீரைகளிலும் இது நிறையவே இருக்கிறது. பச்சையம் மேலே மூடியிருப்பதால் ஆரஞ்சு நிறம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணையைப் புரட்டினால் வேடிக்கையாக இருக்கும்: 100 கிராம் முருங்கைக்கீரையில் 6,780 மைக்ரோகிராம் கரோட்டின், கறிவேப்பிலையில் 7,560, கேரட்டில் வெறும் 1,890. அமெரிக்க அட்டவணையில் அதே கேரட்டுக்கு 8,000-க்கு மேல் போட்டிருக்கிறார்கள். ரகம், மண், பருவம், அளந்த முறை எல்லாம் சேர்ந்து எண்ணை மாற்றும். ஆகவே ஒரே ஒரு அட்டவணையை வைத்துக்கொண்டு சண்டை போட வேண்டாம். சாம்பாரில் மிதக்கும் கறிவேப்பிலையை எடுத்து ஓரம் வைப்பவர்கள் எதை ஒதுக்குகிறோம் என்று தெரிந்து ஒதுக்கினால் சரி.

மாம்பழம், பப்பாளி, பரங்கிக்காய், ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளி ஆகியவற்றிலும் உண்டு. மஞ்சள் தூளின் நிறம் இது அல்ல, அது குர்குமின். பீட்ரூட்டின் சிவப்பும் வேறு சரக்கு.

இதுவும் வைட்டமின் ஏ-வும் ஒன்றுதானா?

ஒன்றல்ல, இதிலிருந்து வைட்டமின் ஏ வரும். கேம்பிரிட்ஜில் தாமஸ் மூர் 1930 வாக்கில் எலிகளுக்குக் கரோட்டினைக் கொடுத்து, அவற்றின் ஈரலில் வைட்டமின் ஏ சேருவதைக் காட்டினார். நம் சிறுகுடலில் உள்ள ஒரு நொதி பீட்டா கரோட்டின் மூலக்கூறை நட்டநடுவில் வெட்டுகிறது. வைட்டமின் ஏ-வின் ஒரு வடிவமான ரெட்டினால் துண்டுகள் இரண்டு கிடைக்கின்றன. உடம்பில் வைட்டமின் ஏ போதுமான அளவு இருந்தால் அந்த நொதியின் உற்பத்தியே குறைந்துவிடும். அதனால்தான் வைட்டமின் ஏ மாத்திரையை அளவு மீறிச் சாப்பிட்டால் ஈரல் கெடுவது போல, கேரட்டை அளவு மீறிச் சாப்பிட்டு யாருக்கும் வைட்டமின் ஏ நஞ்சாவதில்லை.

இந்த வெட்டும் வேலை எல்லா உயிருக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. எருமை தான் மேய்ந்த புல்லில் உள்ள கரோட்டினைக் கிட்டத்தட்ட முழுவதும் வைட்டமின் ஏ-வாக மாற்றிவிடுகிறது, அதன் நெய் வெள்ளை. பசு ஒரு பகுதியை அப்படியே பாலுக்கு அனுப்புகிறது, அதன் நெய் மஞ்சள். பூனைக்கு இந்த வேலை சுத்தமாக வராது. மனிதர்களிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. அந்த நொதிக்கான மரபணுவில் சில மாற்றங்கள் உள்ளவர்களுக்கு மாற்றும் திறன் பாதிக்கும் கீழே போய்விடுகிறது என்று 2009-ல் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது.

பச்சையாகச் சாப்பிடுவதா, வேகவைத்தா?

வேகவைத்து, கொஞ்சம் எண்ணெயோடு. கேரட்டில் கரோட்டின் படிகமாக, கெட்டியான செல் சுவருக்குள் அடைந்துகிடக்கிறது. கடித்து விழுங்கினால் பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடும். துருவினால், வேகவைத்தால், அரைத்தால் சுவர் உடைகிறது. கரோட்டின் தண்ணீரில் கரையாது என்பதால் கொழுப்பு இல்லாமல் குடல் அதை எடுத்துக்கொள்வதும் கஷ்டம். ஒரு வேளைச் சாப்பாட்டில் 3 முதல் 5 கிராம் கொழுப்பு இருந்தாலே போதும். கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன் எண்ணெய். தேங்காய்த் துருவல் போட்ட கேரட் பொரியலும் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்த கீரை மசியலும் இந்தக் கணக்கில் அருமையான சமையல். எண்ணெயே வேண்டாம் என்று வெறும் சாலட்டாகச் சாப்பிடுபவர்களுக்குத்தான் நஷ்டம்.

பப்பாளிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் கரோட்டின் மென்மையான கொழுப்புத் துளிகளில் இருப்பதால், கேரட்டை விடச் சுமார் மூன்று மடங்கு அதிகமாக உடம்பில் சேர்கிறது.

கேரட் அல்வாவும் சேர்த்தியா என்று கேட்பவர்களுக்கு: துருவல், வேக்காடு, நெய் மூன்றும் இருப்பதால் கரோட்டின் நன்றாகவே சேரும். சர்க்கரையும் நன்றாகவே சேரும்.

செல்லுக்குள் போய் அது என்ன செய்கிறது?

இதைப் புரிந்துகொள்ள மனிதனை விட்டுவிட்டு ஒரு மஞ்சள் நிற பாக்டீரியாவிடம் போக வேண்டும். 1959-ல் மிஷலின் மேத்யூஸ், சிஸ்ட்ரம் என்ற இருவர் சார்சினா லூட்டியா என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொண்டார்கள். கரோட்டின் குடும்ப நிறப்பொருள் இருப்பதால் அது மஞ்சள். அந்த நிறத்தைத் தயாரிக்கத் தெரியாத வெள்ளை வகை ஒன்றையும் பக்கத்தில் வைத்து வெயில் காட்டினார்கள். காற்றும் வெளிச்சமும் சேர்ந்தபோது வெள்ளை செத்தது, மஞ்சள் பிழைத்தது. நிறப்பொருள் அழகுக்கு இல்லை, காவலுக்கு இருக்கிறது என்பது தெரிந்தது.

எப்படிக் காக்கிறது? சில பொருட்கள் ஒளியை விழுங்கி, அந்தச் சக்தியைப் பக்கத்தில் உள்ள ஆக்சிஜனுக்குத் தள்ளிவிடும். அப்படி வெறியேறிய ஆக்சிஜனுக்கு சிங்லெட் ஆக்சிஜன் என்று பெயர். செல்லின் கொழுப்புச் சவ்வு, புரதம், டிஎன்ஏ என்று எதில் பட்டாலும் சேதம். பீட்டா கரோட்டினின் நடுவில் வரிசையாக 11 இரட்டைப் பிணைப்புகள் உண்டு. அந்த வரிசை சிங்லெட் ஆக்சிஜனின் சக்தியை வாங்கி, வெறும் சூடாக வெளியே விட்டுவிடுகிறது. தான் பெரிதாக மாறாமலே அடுத்ததைப் பிடிக்கத் தயாராகிவிடும். ஃபூட், டென்னி என்ற இருவர் 1968-ல் இதைச் சோதனையில் காட்டினார்கள்.

அதோடு நிற்பதில்லை. ஹவாயில் ஜான் பெர்ட்ரமின் குழு, எலிச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து வேறொன்றைக் கண்டது. பக்கத்துப் பக்கத்துச் செல்கள் சின்னச் சின்னக் குழாய்கள் வழியே சமிக்ஞை பரிமாறிக்கொள்ளும். புற்றுநோய்ப் பாதையில் போகும் செல்கள் இந்தப் பேச்சை நிறுத்திவிடுவது வழக்கம். கரோட்டின் வகைகளைச் சேர்த்தபோது அந்தக் குழாயைக் கட்டும் கனெக்சின் 43 என்ற புரதம் கூடியது. வைட்டமின் ஏ ஆக மாறாத கரோட்டின் வகைகளும் இதைச் செய்தன. மூன்றாவது வழி, வைட்டமின் ஏ வழியே: அதிலிருந்து வரும் ரெட்டினோயிக் அமிலம் செல்லின் கருவுக்குள் போய் எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று உத்தரவு போடுகிறது. தோல் செல் தோல் செல்லாகவே இருப்பது பெரிதும் இந்த உத்தரவால்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் கதைக்கு இது தேவை. 1984-ல் பர்ட்டன், இங்கோல்ட் என்ற இரண்டு கனடா விஞ்ஞானிகள் பீட்டா கரோட்டின் ஒரு விசித்திரமான காவலாளி என்று எழுதினார்கள். ஆக்சிஜன் குறைவான இடத்தில் அது கொழுப்பு கெடாமல் தடுக்கிறது. ஆக்சிஜன் அதிகமாகி, கரோட்டினும் அதிகமானால், அதுவே கெடுக்கும் பக்கம் சாய்கிறது. உடம்பில் ஆக்சிஜன் அதிகமான இடம் எது? நுரையீரல். அப்போது யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கேரட் ஜூஸ் குடித்தால் வெள்ளையாவேனா?

மாட்டீர்கள். தோலின் கருமைக்குக் காரணம் மெலனின்; கேரட் அதைத் தொடாது. கரோட்டின் சேரச் சேர தோலில் ஏறுவது மஞ்சள் கலந்த ஒரு பொன்னிறம்தான். இதில் ஒரு சுவாரசியமான ஆராய்ச்சி உண்டு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் முகப் படங்களின் நிறத்தைக் கணினியில் மாற்றிக் காட்டி, எது ஆரோக்கியமாகத் தெரிகிறது என்று கேட்டார்கள். வெயிலில் கறுத்த நிறத்தை விடக் காய்கனி தரும் இந்த மஞ்சள் நிறத்தையே பார்த்தவர்கள் விரும்பினார்கள். காய்கனி சாப்பிடுவதைக் கூட்டிய சில வாரங்களிலேயே தோல் நிறத்தில் இந்த மாற்றம் தொடங்குகிறது என்றும் அங்கே அளந்தார்கள். ஆனால் அந்தச் சோதனைகள் பெரும்பாலும் வெளிர்நிறத் தோலில் நடந்தவை. நம் மாநிறத்தில் அது அவ்வளவு தெரியாது.

உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. காமாலையா?

முதலில் கண்ணாடி முன் நின்று கண்ணைப் பாருங்கள். காமாலையில் வெள்ளை விழி மஞ்சளாகும், சிறுநீர் அடர்ந்துபோகும். கரோட்டின் ஏறியதால் வரும் மஞ்சளில் விழி பளிச்சென்று வெள்ளையாகவே இருக்கும். உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கின் இரு பக்க மடிப்பு ஆகிய இடங்கள்தான் நிறம் மாறும். அங்கெல்லாம் மேல்தோல் தடிப்பு, அல்லது வியர்வையும் எண்ணெயும் அதிகம். கரோட்டின் அங்கே தங்கிவிடுகிறது.

பரங்கிக்காயையும் கேரட்டையும் மசித்து ஊட்டப்படும் கைக்குழந்தைகளுக்கு இது அடிக்கடி வரும். மூக்கு நுனி மஞ்சளாகிப் பாட்டிகள் பதறுவார்கள். ஆபத்து ஒன்றும் இல்லை. அந்தக் காய்களைக் குறைத்தால் சில வாரங்களில், சிலருக்கு ஓரிரு மாதத்தில், தானாக மறையும். அப்படி ஒன்றும் அதிகம் சாப்பிடாத பெரியவருக்கு இந்த மஞ்சள் வந்தால் தைராய்டும் சர்க்கரையும் பரிசோதிக்க வேண்டும், தைராய்டு குறைந்தவர்களுக்குக் கரோட்டின் மாறுவது மந்தமாகும். விழி மஞ்சளாக இருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

வெயிலிலிருந்து தோலைக் காக்குமா?

கொஞ்சம் காக்கும், மெதுவாக. ஆய்வகத்தில் புற ஊதா விளக்கைத் தோலில் ஒரு சிறு கட்டத்தில் அடித்து, எப்போது சிவக்கிறது என்று பார்ப்பார்கள். 2008-ல் இப்படிப்பட்ட ஏழு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், பீட்டா கரோட்டின் தோல் சிவப்பதைக் குறைக்கிறது, ஆனால் குறைந்தது 10 வாரம் தொடர்ந்து எடுத்தால்தான் என்று தெரிந்தது. ஜெர்மனியில் ஸ்டால், சீஸ் குழு தக்காளி விழுதை வைத்தும் இதே போலப் பார்த்தது. தக்காளியின் சிவப்பான லைகோபீன் கரோட்டினின் உறவுக்காரர். தினம் 40 கிராம் விழுது, 10 கிராம் ஆலிவ் எண்ணெய், 10 வாரம். சாப்பிட்டவர்களுக்குச் சிவப்பு சுமார் 40 சதவீதம் குறைந்தது.

ஆனால் இது சன்ஸ்கிரீனுக்கு மாற்று ஆகாது. ஒரு சாதாரணக் களிம்பு தரும் பாதுகாப்பில் சிறு பங்கைத்தான் தருகிறது. நாளைக்குக் கொடைக்கானல் போகிறேன், இன்றைக்குக் கேரட் சாப்பிட்டால் போதுமா என்றால், போதாது.

சுருக்கம் குறையுமா? இளமை திரும்புமா?

சியோலில் 50 வயதைத் தாண்டிய 30 பெண்களை வைத்து ஒரு சிறு ஆய்வு நடந்து 2010-ல் வெளியானது. பாதிப் பேருக்குத் தினம் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், பாதிப் பேருக்கு 90. மூன்று மாதம். 30 எடுத்தவர்களுக்குச் சுருக்கம் கொஞ்சம் குறைந்தது, தோலின் மீள்தன்மை கூடியது, தோலைத் தாங்கும் கொலாஜனுக்கு முந்தைய புரதத்தைத் தயாரிக்கும் மரபணுவின் வேலையும் கூடியது. 90 எடுத்தவர்களுக்கு? தோல் முன்பை விடச் சீக்கிரம் வெயிலில் சிவந்தது. அழகு மாத்திரை விற்பவர்கள் இந்த ஆய்வின் முதல் பாதியை மட்டும்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். இரண்டாம் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதைவிடப் பெரிய சோதனை ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், நாம்பூர் என்ற ஊரில் 1992-ல் தொடங்கியது. ஊர்க்காரர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்குத் தினம் சன்ஸ்கிரீன், சிலருக்குத் தினம் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். புறங்கையில் சிலிக்கோனை ஊற்றி அச்செடுத்து, தோலின் கோடுகளை நாலரை வருஷம் கழித்து மறுபடி ஒப்பிட்டார்கள். தினம் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு. பீட்டா கரோட்டினால் ஒரு பலனும் தெரியவில்லை.

தோல் புற்றுநோயைத் தடுக்குமா?

மாத்திரை தடுக்கவில்லை. அமெரிக்காவில் ஏற்கெனவே ஒருமுறை தோல் புற்றுநோய் வந்த 1,805 பேருக்கு 5 வருஷம் தினம் 50 மில்லிகிராமோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். 1990-ல் வந்த முடிவு, வித்தியாசமே இல்லை. நாம்பூரிலும் அதேதான். அங்கே சன்ஸ்கிரீன், செதிள் செல் என்ற வகைத் தோல் புற்றுக்கட்டிகளைச் சுமார் 40 சதவீதம் குறைத்தது.

தோல் நோய்க்கு மருந்தாகவே கொடுத்திருக்கிறார்கள் என்கிறார்களே?

உண்மை. மஞ்சள் பாக்டீரியாவை ஆராய்ந்த அதே மேத்யூஸ், பிறகு ஹார்வர்டில் மருத்துவர் மேத்யூஸ்-ராத் ஆனார். எரித்ரோபொயட்டிக் புரோட்டோபோர்ஃபிரியா என்று ஒரு பரம்பரை நோய் உண்டு. ரத்தத்தின் சிவப்பு நிறப்பொருளைத் தயாரிக்கும் பாதையில் கோளாறு. போர்ஃபிரின் என்ற பொருள் தோலில் தேங்கிவிடும். வெயிலில் சில நிமிஷம் நின்றாலே தீயில் கை வைத்த மாதிரி எரியும். அந்த எரிச்சலுக்குக் காரணம் சிங்லெட் ஆக்சிஜன்தானே, பாக்டீரியாவைக் காத்தது மனிதனையும் காக்குமா என்று மேத்யூஸ்-ராத் யோசித்தார். 1970-ல் முதல் முடிவுகளை வெளியிட்டார், 1975-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி கொடுத்தது. கொடுக்கும் அளவு மிகப் பெரிது, சிலருக்குத் தினம் 300 மில்லிகிராம் வரை. எல்லோருக்கும் அது கேட்கவில்லை, பின்னால் வந்த மதிப்பீடுகள் பலன் உறுதியில்லை என்றன. இப்போது அஃபமெலனோடைட் என்ற வேறு மருந்து வந்திருக்கிறது. ஆனாலும் ஒரு பாக்டீரியாத் தட்டிலிருந்து நோயாளியின் தோல் வரை ஒரே ஆள் ஒரே யோசனையைத் தூக்கிக்கொண்டு நடந்த கதை என்பதால் எனக்கு இது பிடிக்கும்.

சரி, மாத்திரையால் புற்றுநோய் வரும் என்பது உண்மையா?

புகைபிடிப்பவர்களுக்கு, உண்மை.

1981-ல் ரிச்சர்ட் பீட்டோ, ரிச்சர்ட் டால் உள்ளிட்ட நால்வர் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். காய்கனி நிறையச் சாப்பிடுபவர்களுக்கும் ரத்தத்தில் கரோட்டின் அதிகம் உள்ளவர்களுக்கும் புற்றுநோய் குறைவாக வருகிறதே, காரணம் பீட்டா கரோட்டின்தானா என்று கேட்டார்கள். முடிவு கட்டவில்லை, சோதித்துப் பாருங்கள் என்றார்கள். சோதனைகள் தொடங்கின.

முதல் அதிர்ச்சி பின்லாந்திலிருந்து வந்தது. 50 முதல் 69 வயது வரை உள்ள 29,133 ஆண்கள், எல்லோரும் புகைபிடிப்பவர்கள். பாதிப் பேருக்குத் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், 5 முதல் 8 வருஷம் வரை. 1994-ல் கணக்கைத் திறந்தபோது, கரோட்டின் எடுத்தவர்களில் 474 பேருக்கு நுரையீரல் புற்றுநோய், எடுக்காதவர்களில் 402 பேருக்கு. 18 சதவீதம் அதிகம். காக்கும் என்று கொடுத்த மருந்து தப்பான பக்கம் சாய்ந்திருந்தது. தற்செயலாக இருக்கும் என்று பலர் நினைத்தார்கள்.

அமெரிக்காவில் அப்போது கேரட் என்றே சுருக்கப் பெயர் வைத்த இன்னொரு சோதனை ஓடிக்கொண்டிருந்தது. புகைபிடிப்பவர்கள், புகையை விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸில் வேலை செய்தவர்கள் என்று 18,314 பேர். தினம் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும் 25,000 யூனிட் வைட்டமின் ஏ-வும். 1996 ஜனவரியில், முடிய வேண்டிய நாளுக்கு 21 மாதம் முன்பே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் அதிகம், மொத்த இறப்பு 17 சதவீதம் அதிகம். இரண்டு கண்டம், இரண்டு குழு, ஒரே பதில். அதற்குப் பிறகு தற்செயல் என்று சொல்ல முடியவில்லை.

அதே 1996-ல் 22,071 அமெரிக்க ஆண் மருத்துவர்களை வைத்து 12 வருஷம் நடந்த சோதனையின் முடிவும் வந்தது. அவர்களில் புகைபிடிப்பவர்கள் குறைவு. அங்கே நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

நல்ல பொருள் ஏன் இப்படித் திரும்பியது?

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஷியாங்-டாங் வாங், ராபர்ட் ரஸ்ஸல் குழு இதை ஃபெரட் என்ற சிறு விலங்கில் பார்த்தது. எலியை ஏன் விட்டார்கள்? எலி கரோட்டினை முழுவதும் குடலிலேயே மாற்றிவிடும். ஃபெரட் நம்மைப் போல ஒரு பகுதியை மாற்றாமல் ரத்தத்தில் விடும். மனிதக் கணக்கில் தினம் 30 மில்லிகிராமுக்குச் சமமான கரோட்டினும் சிகரெட் புகையும் ஆறு மாதம் கொடுத்தார்கள். நுரையீரலின் மென்மையான செல்கள் தட்டையாகி, தோலைப் போலக் கெட்டிப்பட ஆரம்பித்தன. புற்றுநோய்க்கு முந்தைய படிகளில் அதுவும் ஒன்று.

காரணத்தைத் தேடியபோது சங்கிலி இப்படி அமைந்தது. புகை நிறைந்த நுரையீரலில் அளவு மீறிய கரோட்டின் உடைந்து தாறுமாறான துண்டுகளாகிறது. அந்தத் துண்டுகள் சில நொதிகளை முடுக்கிவிட, அவை நல்ல ரெட்டினோயிக் அமிலத்தைத் தின்றுவிடுகின்றன. செல்லுக்கு ஒழுங்கு சொல்லும் உத்தரவு குறைகிறது, பெருகச் சொல்லும் உத்தரவு கூடுகிறது. பர்ட்டனும் இங்கோல்டும் 1984-லேயே சொன்ன ஆக்சிஜன் விஷயம் இதோடு பொருந்திப்போகிறது. சாப்பாட்டில் கிடைக்கும் அளவுக்குக் கரோட்டினைக் குறைத்துக் கொடுத்தபோது ஃபெரட்டின் நுரையீரலில் இந்தக் கேடு வரவில்லை.

அப்படியானால் புகைபிடிப்பவர்கள் கேரட்டே சாப்பிடக் கூடாதா?

தாராளமாகச் சாப்பிடலாம். பின்லாந்துச் சோதனையிலேயே, மாத்திரை எடுக்காமல் சாப்பாட்டின் வழியே அதிகக் கரோட்டின் பெற்றவர்களுக்குப் புற்றுநோய் குறைவாகத்தான் இருந்தது. காய்கனியில் கரோட்டினோடு வேறு நூறு பொருட்கள் இருக்கின்றன. அது மெதுவாக, கொஞ்சமாக உள்ளே போகிறது. மாத்திரை எடுத்தவர்களின் ரத்தத்தில் இயல்பை விடப் பத்து மடங்குக்கும் மேலே ஏறியிருந்தது. கீரையும் கேரட்டும் சாப்பிட்டு அந்த அளவைத் தொடுவது கஷ்டம். விட வேண்டியது சிகரெட்டை.

எங்குமே மாத்திரை பலன் தந்ததில்லையா?

தந்திருக்கிறது. சீனாவின் லின்ஷியான் வட்டாரத்தில் சத்துக்குறைவோடு வாழ்ந்த சுமார் 29,500 பேருக்கு 15 மில்லிகிராம் பீட்டா கரோட்டினை வைட்டமின் ஈ, செலினியத்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 1993-ல் வந்த முடிவில் மொத்த இறப்பு 9 சதவீதம் குறைந்திருந்தது. குறை இருந்த இடத்தில் நிரப்பினால் பலன். நிறைந்த இடத்தில் மேலும் கொட்டினால் இல்லை. மூன்றில் எது வேலை செய்தது என்று அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது.

நமக்குப் பக்கத்தில் கேரளத்திலும் ஒன்று நடந்தது. வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லுபவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு விழும். அதில் சில பின்னால் வாய்ப் புற்றுநோயாகும். திருவனந்தபுரத்தில் 160 பேரை வைத்து ஒரு வருஷம் நடந்த சோதனையின் முடிவு 1997-ல் வெளிவந்தது. வைட்டமின் ஏ எடுத்தவர்களில் பாதிப் பேருக்குத் திட்டு முழுதாக மறைந்தது, பீட்டா கரோட்டின் எடுத்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு, வெற்று மாத்திரையில் பத்தில் ஒருவருக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாத்திரையை நிறுத்தியதும், கரோட்டினால் குணமானவர்களில் பாதிப் பேருக்குத் திட்டு திரும்பி வந்துவிட்டது. வாயில் வெள்ளைத் திட்டு இருப்பவர்கள் பாக்கையும் புகையிலையையும் விட்டுவிட்டுப் பல் மருத்துவரிடம் காட்டுவதுதான் வழி. மருந்துக் கடையில் கரோட்டின் கேட்பது அல்ல.

கரோட்டின் கிரீம், கேரட் சோப்பு?

சோப்பு கழுவிப் போய்விடும், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. கிரீம்களில் சுருக்கத்துக்கு நல்ல ஆதாரம் உள்ளவை வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாய்டு களிம்புகள், அதிலும் டிரெட்டினாயின். அதைக் கர்ப்பிணிகள் பூசக் கூடாது, தோல் மருத்துவர் சொல்லாமல் யாரும் தொடங்க வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்கு?

கீரை, பப்பாளி, கேரட்டில் உள்ள கரோட்டினால் கருவுக்குக் கெடுதல் இல்லை. பயப்பட வேண்டியது மாத்திரையில் உள்ள தயார் வைட்டமின் ஏ-வுக்கு; அது அளவு மீறினால் கருவைப் பாதிக்கும். பழுத்த பப்பாளி பற்றி மாமியாரோடு வாக்குவாதம் வந்தால், பால் வடியும் காய்தான் ஆகாது என்று சொல்லிப் பாருங்கள்.

குழந்தைகளுக்குச் சொட்டாகக் கொடுப்பது இதுதானா?

இல்லை, அது தயார் வைட்டமின் ஏ. அதன் அருமை தெரிந்த இடங்களில் திருச்சி மாவட்டமும் ஒன்று. மதுரை அரவிந்த் மருத்துவமனைக் குழு அங்கே 15,000-க்கு மேற்பட்ட சிறு குழந்தைகளை ஒரு வருஷம் வாரா வாரம் தொடர்ந்து கவனித்தது. வாரம் ஒருமுறை சிறு அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளின் இறப்பு 54 சதவீதம் குறைந்தது. 1990-ல் முடிவு வெளிவந்தது. கண்ணுக்கான சத்து என்று நினைத்திருந்தது உயிரையே காத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் சொட்டை அட்டவணைப்படி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட்டால் போதும்?

உணவில் வரும் 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின், 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ-வுக்குச் சமம் என்பது 2001 முதல் அமெரிக்காவில் உள்ள கணக்கு. நம் நாட்டின் 2020 பரிந்துரை பெண்களுக்கு 840, ஆண்களுக்கு 1,000 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ. தினம் ஒரு கைப்பிடி கீரை, ஒரு கேரட் அல்லது ஒரு துண்டு பப்பாளி, கூடவே பாலோ முட்டையோ இருந்தால் கால்குலேட்டர் தேவையில்லை.

வீட்டில் உள்ள சத்து மாத்திரை டப்பாவில் எதைப் பார்க்க வேண்டும்?

பீட்டா கரோட்டின் என்ற வரியையும் அதற்கு எதிரே உள்ள மில்லிகிராமையும். முக்கியமாகக் கண்ணுக்கான மாத்திரைகளில். வயதானவர்களின் விழித்திரை நோய்க்கு அமெரிக்காவில் 2001-ல் பலன் தெரிந்த கலவையில் 15 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருந்தது. 2013-ல் முடிவு வந்த அடுத்த சோதனையில் சிலருக்கு மட்டும் அதை எடுத்துவிட்டு, கரோட்டினின் உறவுக்காரர்களான லூட்டின், சியாசாந்தின் இரண்டையும் போட்டுப் பார்த்தார்கள். அந்த ஆட்களைப் பத்து வருஷம் தொடர்ந்து கவனித்து 2022-ல் வெளியிட்ட கணக்கில், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2013 கணக்கிலேயே அப்படி நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் எப்போதோ புகையை விட்டவர்கள். அதனால் அப்பா இருபது வருஷம் முன்பே சிகரெட்டை விட்டுவிட்டார் என்றாலும், அவருடைய கண் மாத்திரையில் இந்த வரி இருந்தால் டப்பாவோடு மருத்துவரிடம் போய், லூட்டின் உள்ள வகையை எழுதித் தரச் சொல்லுங்கள்.